சட்டியில் கருப்பு, தட்டில் நீலம்

மெழுகுக்குச் சாயம் போடும்போது சட்டியில் தெரிகிற நிறம் ஒன்று, ஆறியபின் வருகிற நிறம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் நின்று திட்டு வாங்குவதுதான் எங்கள் தொழில். என்னைப் போல் வீட்டு அடுப்பில் மெழுகு காய்ச்சி, விரலைச் சுட்டுக்கொண்டு, கட்டியிருந்த புடவையையும் கறையாக்கிக்கொண்ட சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அறுபதுகளில் போர்ட்பிளேரில், ஜங்லிகாட் படகுத்துறைக்கு மேலே, தகரக் கூரை போட்ட வீட்டில் இருந்தோம். நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். என் வீட்டுக்காரர் செபஸ்தியான், தீவுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஃபெர்ரியில் இன்ஜின் பார்த்தார். அந்த ஊரில் கரண்ட் வந்தால்தான் செய்தி, போனால் செய்தியில்லை. அதனால் மெழுகுவர்த்தி வாங்க ஆள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வெள்ளையாகவே ஊற்றி விற்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கலர் போட்டால்தான் கெட்டிக்காரி என்ற ஆசை எங்கிருந்தோ வந்து தொற்றிக்கொண்டது.

சட்டைக்குப் போடும் நீலம்

முதன்முதலில் நான் மெழுகில் போட்டது, வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலக்கட்டி. தண்ணீரில் நன்றாகக் கரைத்து, வடிகட்டி, கொதிக்கிற மெழுகில் ஒரு கரண்டி ஊற்றினேன். கடுகு தாளித்ததுபோல் படபடவென்று தெறித்ததில் என் முழங்கையில் கொப்புளம். மெழுகு வெள்ளையாகவே இருந்தது. நீலம் மட்டும் முத்து முத்தாகச் சட்டியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. விடுவேனா? அதையும் கலக்கிக் கலக்கி ஊற்றி, மெழுகுவர்த்தி என்று பேர் வைத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டேன். ஏற்றினால் திரி சுர்ரென்று அழுதுவிட்டு அணைந்தது. மறுபடி ஏற்றினால் மறுபடி அழுதது.

இவர் வேலை முடிந்து வந்து, சட்டியைச் சாய்த்துப் பார்த்தார். எண்ணெயில் கரைகிற சாயம்தான் மெழுகில் கரையும், தண்ணீர்ச் சாயம் ஒட்டாது என்றார். மெட்ராஸ் கப்பலில் இருந்த சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி அடுத்த நடையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்னப் புட்டிகளில் திரவச் சாயம் வரவழைத்தும் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா கொடுக்கவில்லை. "ஏளா, டீசல்ல தண்ணி பட்டா இன்ஜின் நிக்கும், மெழுகுல தண்ணி பட்டா திரி நிக்கும். ஒனக்கும் எனக்கும் ஒரே வேலைதான், நான் சட்டியில கை விடமாட்டேன், அவ்வளவுதான்."

இடது சிவப்பு, வலது பச்சை

மஞ்சளில் ஓரிரு சொட்டு நீலம் விட்டுப் பச்சை வரவழைத்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பச்சையை முதலில் வாங்கியவர் அப்பண்ணா என்கிற தெலுங்கு மீன்காரர். பச்சையில் கொஞ்சம், சிவப்பில் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார். வீட்டில் ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இவர் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். இருட்டுகிற நேரத்தில் ஃபெர்ரிக்கு எதிரே டிங்கி, அதாவது சின்ன மீன்படகு ஒன்று வந்ததாம். அதில் இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு. வருகிறதா போகிறதா என்று தெரியாமல் மயிரிழையில் தப்பியதாம். பெரிய கப்பல்களில் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் வைப்பதைப் பார்த்து, நம் அப்பண்ணா தன் டிங்கியிலும் முறையாகச் சிவப்பு மெழுகுவர்த்தியை இடப்பக்கமும் பச்சை மெழுகுவர்த்தியை வலப்பக்கமும் கண்ணாடிக்குள் ஏற்றி வைத்திருக்கிறார். மெழுகு எந்த நிறமானாலும் சுடர் மஞ்சள்தான் என்பது பாவம் அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அதற்கு முன் நானும் அதை யோசித்ததில்லை. அப்பண்ணா துறைமுகத்தில் திட்டு வாங்கிக்கொண்டு நேரே என் வாசலுக்கு வந்தார். பச்சை என்று சொல்லிக் கொடுத்தாய், மஞ்சளாக எரிகிறதே என்று அவர் கேட்டதை அந்தமான் இந்தியிலேயே கேட்டால்தான் அவர் மனவருத்தம் புரியும். "பஹன்ஜி, ஹரா போல்கே தியா, பீலா ஜல் ரஹா ஹை."

வெயில் தின்ற பக்கம்

அபர்டீன் பஜாரில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். என் கலர் மெழுகுவர்த்திகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்தார். மத்தியான வெயில் நேரே அதில் விழும். சில வாரங்களில் ரோஜா நிறமெல்லாம் ஒரு பக்கம் அப்படியே இருக்க, வெயில் பட்ட பக்கம் சோகை பிடித்துப் போய்விட்டது. எல்லாவற்றையும் திருப்பித் தரப்போகிறார் என்று பயந்துகொண்டே கடைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸ்காரர் ஒருவர் மெழுகுவர்த்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது ஏன் ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது என்று கேட்டார். மெயின்லேண்ட் என்கிற இந்தியக் கரைக்குப் போகக் கப்பலுக்குக் காத்துக் காத்தே வாழ்ந்த ஊர் அது. கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அந்தப் பக்கம் லீவுல மெயின்லேண்ட் போயிருக்கு சார். கப்பல் வந்தா திரும்பிரும்."

ரோசம்மாவின் நேர்ச்சை

சிரித்ததெல்லாம் இதுவரை. நவம்பரில் ஒரு புயல் அடித்தது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த ரோசம்மாவின் புருஷன் லூர்து, சிப்பி எடுக்கிற படகில் கூட்டாளிகளோடு போயிருந்தான். புயல் ஓய்ந்த பிறகும் படகு வரவில்லை. தேடப் போன லாஞ்சும் வெறுங்கையோடு திரும்பியது. லூர்து எங்களுக்குச் சொந்தத் தம்பி மாதிரி. இவரை அண்ணன் என்பான், என்னை மைனி என்பான். ரோசம்மா என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டில் சமைத்தால் ஒரு கிண்ணம் இங்கே வராமல் இருக்காது. அந்த வாரம் கிண்ணம் வரவில்லை, அவள்தான் வந்தாள். ஆள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்து கொடு, மாதாவின் முக்காட்டு நீலத்தில் வேண்டும் என்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்த நேர்ச்சை உண்டு. பிழைத்து வந்த ஆளின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்து மாதா கோயிலில் ஏற்றுவார்கள். ஆனால் அது ஆள் வந்தபிறகு செய்வது. அதைத்தான் நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வராமல் போய்விட்டால் அந்த மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்வாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. இவரும் உள்ளேயிருந்து வேண்டாம் என்று ஜாடை காட்டினார். ஆள் இல்லாமல் உயரத்துக்கு எங்கே போவது என்றும் கேட்டேன். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. லூர்து நல்ல வளர்த்தி. அவர்கள் வீட்டு வாசல் தாழ்வு. ஒவ்வொரு நாளும் நுழையும்போது இடித்துக்கொள்வான். அவன் தேங்காயெண்ணெய் பட்டுப் பட்டு வாசலின் மேல் சட்டத்தில் ஒரு கறை இருந்தது. தரையிலிருந்து அந்தக் கறை வரைக்கும் வலைக்கயிறு பிடித்து, முடிச்சுப் போட்டு மடியில் வைத்திருந்தாள். கயிற்றை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "செஞ்சு வச்சுட்டு ஆளக் கேப்போம் அக்கா. பொருளு முன்னால நிக்கும்போது, இல்லேன்னு சொல்ல மாதாவுக்கு வாய் வராது."

கோயில்பிள்ளை

நீலப் புட்டி ஒன்றுதான், அதிலும் முக்கால்வாசி தீர்ந்திருந்தது. புயலால் மெட்ராஸ் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. இதில் இன்னொரு சிக்கல். டிசம்பர் மாதா திருநாள் பவனிக்கு நீல மெழுகுவர்த்தி செய்து தருவதாகக் கோயில்பிள்ளை சவரிமுத்துவிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். பூசைக்கு மணி அடிப்பது முதல் பீடத்துணி துவைப்பது வரை எல்லாம் அவர்தான். ஒரு துணி கோணலாக விரிந்திருந்தாலும் ஊரையே நிற்க வைத்துத் திட்டுகிற மனிதர்.

சாயம் இல்லை, இருக்கிறதை ரோசம்மாவுக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆள் வருவதற்கு முன்னால் நேர்ச்சை மெழுகுவர்த்தியா, இது எந்த ஊர் வழக்கம் என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர், அச்சுக்காக அடுப்பங்கரையில் சாத்தியிருந்த மூங்கிலைப் பார்த்தார். அதில் கட்டியிருந்த வலைக்கயிற்றைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மை இந்தத் தடவை வெள்ளை வர்த்தியோட ஊரச் சுத்தி வருவா. நீலத்த அந்தப் பிள்ளைக்கே வச்சுக்க."

கருப்புச் சட்டி

ஆள் உயர மெழுகுவர்த்திக்கு அச்சு கடையில் கிடைக்காது. இவர் மனசில்லாமல் இருந்தாலும் நல்ல நேரான மூங்கிலாகக் கொண்டுவந்து நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த கணுக்களைச் செதுக்கி வழவழப்பாக்கிக் கொடுத்தார். உள்ளே தேங்காயெண்ணெய் தடவி, நடுவில் திரியை இழுத்துக் கட்டி, இரண்டு பாதியையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கி, அடியைக் களிமண்ணால் அடைத்தோம். நிறுத்தி வைத்து மேலேயிருந்து ஊற்ற வேண்டும். வேலை செய்த நேரமெல்லாம் இவர் வாயே திறக்கவில்லை. வழக்கமாகக் கிண்டல் செய்கிற மனிதர் சும்மா இருந்தால் வீட்டில் எவ்வளவு சத்தமில்லாமல் போய்விடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மெழுகு உருகியதும் சாயத்தைச் சொட்டு சொட்டாக விட்டேன். ரோசம்மா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். கருப்பாக இருக்கிறதே அக்கா என்றாள். நீலச் சாயம் சூட்டில் கருப்பாகத்தான் தெரியும் என்பது எனக்குப் பழகிய சங்கதி. கடலுக்குப் போன புருஷனை எதிர்பார்த்து நிற்கிறவளுக்கு அந்தக் கருப்பு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று. சட்டென்று வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்து, கரண்டி நுனியால் ஒரு சொட்டு விட்டு ஊதினேன். எல்லாரும் செய்கிற சோதனைதான். சொட்டு ஆற ஆறக் கருப்பு விலகி, மாதாவின் முக்காடு அப்படியே தட்டில் வந்து நின்றது. ரோசம்மா விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "நான் சட்டியப் பாக்கல அக்கா. நீ தட்ட மட்டும் காட்டு."

புட்டியைக் கழுவி ஊற்றியது

நம்மவர்களுக்குத் தெரியும்: ஒரே நிறம் வேண்டுமென்றால் மொத்த மெழுகையும் ஒரே பாத்திரத்தில் உருக்கிச் சாயம் போட வேண்டும். என் வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் கிடையாது. சட்டி சட்டியாகத்தான் உருக்கினேன். அவள் கருப்புக்குப் பயந்தது போக, வெளுத்துவிடுமோ என்று நான் பயந்தேன். முதல் சட்டியில் தாராளமாக விட்டுவிட்டேன். பாதி மூங்கில் ஏறும்போது புட்டி தலைகீழாக நின்றது. பிறகு சூடான மெழுகையே புட்டிக்குள் ஊற்றிக் குலுக்கிக் கழுவினேன். கடைசிச் சட்டிக்குக் கழுவுவதற்கும் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, மெழுகு ஆறும்போது நடுவில் குழி விழும். அதை நிரப்ப வெறும் மெழுகைத்தான் ஊற்ற முடிந்தது.

நன்றாக ஆறவிட்டு மூங்கிலைப் பிரித்தோம். அடியில் நல்ல கருநீலம், அதற்கு மேல் நீலம், அதற்கு மேல் வெளிர்நீலம், உச்சியில் வெள்ளை. நான் பார்த்த மெழுகுவர்த்திகளிலேயே இதுபோல் கோளாறு பண்ணினது எதுவும் இல்லை. திரும்ப உருக்கலாம் என்றேன். உருக்கினாலும் சாயம் எங்கிருந்து வரும்? ரோசம்மா குறை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் தாலி அறுத்தவர்கள் கட்டுகிற நிறம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டுக்குப் போய், கலியாணச் சேலையின் சிவப்பு ஓரத்தில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்து, மெழுகுவர்த்தியின் உச்சியைச் சுற்றி மூடிக் கட்டினாள். "கீழ இருக்கிறது மாதாவுக்கு. மேல இருக்கிற வெள்ளை என் கண்ணுல படக்கூடாது அக்கா."

நெற்றி உயரம்

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் இவர் கை கால்கூடக் கழுவாமல் துறையிலிருந்து ஓடிவந்தார். ஓடி நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, மெழுகுவர்த்தியை வெளியே எடு, ரோசம்மாவைக் கூப்பிடு என்றார். ஹேவ்லாக் தீவிலிருந்து வந்த ஃபெர்ரியில் லூர்துவும் கூட்டாளிகளும் வந்திறங்கியிருந்தார்கள். துடுப்பும் பாயும் போன படகு எங்கெங்கோ இழுபட்டு ஆளில்லாத ஒரு தீவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மரம் ஏற்றப் போன படகொன்று பார்த்து ஏற்றிக்கொண்டு ஹேவ்லாக்கில் விட, அங்கே குடியேறியிருந்த வங்காளிகள் சோறு போட்டுத் தேற்றி அனுப்பியிருக்கிறார்கள். ரோசம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. நானும் அழுதேன். இவர் இன்ஜின் கரி கண்ணில் விழுந்துவிட்டது என்றார்.

எல்லாம் அடங்கியபிறகு லூர்துவை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அவன் புருவத்துக்குத்தான் வந்தது. வாசலில் அவன் இடித்துக்கொண்டது உச்சந்தலையை இல்லை, நெற்றியை என்பது எனக்கும் ரோசம்மாவுக்கும் உறைக்கவே இல்லை. கூட்டத்தோடு வந்திருந்த கோயில்பிள்ளை, ஆள் உயரம் என்றால் ஆள் உயரம்தான், நெற்றி உயரத்துக்கு நேர்ச்சை கிடையாது என்று தொண்டையைச் செருமினார். மாதாவுக்கு முன்னால் தலை குனிந்துதானே நிற்பேன், அப்போது சரியாகிவிடும் என்றான் லூர்து. கோயில்பிள்ளை முதல்முறையாகச் சிரித்தார்.

அப்புறம் லூர்து உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்க்கப் போனான். ரோசம்மா அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். சாயம் போதவில்லை, மேலே வெளுத்துவிட்டது, என் தப்புத்தான் தம்பி என்று நான் முந்திக்கொண்டேன். அவன் மெதுவாக அவள் கையை விலக்கித் துணியை எடுத்தான். அடியிலிருந்து உச்சி வரை பார்த்தான். கருநீலத்தில் வைத்த விரலை அப்படியே மேலே நகர்த்திக்கொண்டு போய் வெள்ளையில் நிறுத்தினான். "இப்படித்தான் மைனி வந்தோம். மொதல்ல கருந்தண்ணி, பொறவு நீலம், பொறவு வெளுப்பு. தண்ணி வெளுத்ததப் பாத்துத்தான் கரை வந்துட்டுன்னு அழுதோம்."

அடுத்த கப்பலில் புட்டி நிறைய நீலச் சாயம் வந்தது. வாங்க வந்தவர்கள் எல்லாரும் லூர்து மெழுகுவர்த்தி மாதிரியே வேண்டும் என்று நின்றார்கள். ஆனால் சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாயம் தீர்ந்துபோன அழகைக் கொண்டுவருவது எப்படி என்பதை மட்டும் இந்தத் தொழிலில் நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.